வாணலியிலா, தொழிற்சாலையிலா: ட்ரான்ஸ் கொழுப்பு எங்கே உருவாகிறது?

"பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சினால் ட்ரான்ஸ் கொழுப்பாக மாறிவிடும்." வாட்ஸ்அப்பில் இந்த வரி பலமுறை வந்திருக்கும். தீபாவளி நெருங்கினால் நாளிதழ் இணைப்புகளிலும் வரும். அதே வாரம் மளிகைக் கடையில் வாங்கிய சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டில் "ட்ரான்ஸ் ஃபேட் இல்லை" என்று அச்சிட்டிருப்பார்கள். பாக்கெட்டில் இல்லாத ஒன்று அடுப்பில் வைத்ததும் எங்கிருந்து வருகிறது? இல்லை, பாக்கெட்டில் எழுதியிருப்பது பொய்யா?

சுருக்கமான பதில் இதுதான்: வீட்டுச் சமையலின் வெப்பத்தில் புதிதாக உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பு மிகவும் சொற்பம். உலகம் முழுக்கத் தடை போட்டுத் துரத்துகிற ட்ரான்ஸ் கொழுப்பு வாணலியில் பிறந்தது அல்ல, தொழிற்சாலையில் பிறந்தது. இதைப் படித்துவிட்டுப் பழைய எண்ணெயை நிம்மதியாகக் காய்ச்சலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அது கெடுகிறது, ஆனால் கெடும் விதம் வேறு. ஒன்றின் குற்றத்தை இன்னொன்றின் தலையில் கட்டியதில்தான் குழப்பமே. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ட்ரான்ஸ் என்றால் என்ன?

எண்ணெயோ நெய்யோ வனஸ்பதியோ, எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சரக்கு கொழுப்பு அமிலங்கள். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் ஒரு கார்பன் சங்கிலி. நாம் சமைக்கும் எண்ணெய்களில் பெரும்பாலும் 18 கார்பன் நீளச் சங்கிலிகள் இருக்கும். தேங்காய் எண்ணெயில் மட்டும் 12 கார்பன் சங்கிலி அதிகம்.

சங்கிலியில் எல்லாமே ஒற்றைப் பிணைப்பாக இருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு. ஏதாவது ஓர் இடத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் நிறைவுறாக் கொழுப்பு. 18 கார்பன் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒலியிக் அமிலம், இரண்டு இருந்தால் லினோலியிக், மூன்று இருந்தால் லினோலெனிக். கடைசி இரண்டு பெயரும் காதில் ஒரே மாதிரிதான் விழும். ஆனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒரு பிணைப்பு வித்தியாசம் பின்னால் முக்கியமாகப்போகிறது.

இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி இரண்டு விதமாக அமையலாம். இரு பக்கத்துத் துண்டுகளும் பிணைப்பின் ஒரே பக்கம் இருந்தால் அதற்குப் பெயர் சிஸ். அந்த இடத்தில் சங்கிலி முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ட்ரான்ஸ். சங்கிலி ஏறக்குறைய நேராகவே போகும். செடிகள் தங்கள் விதைகளில் சேர்த்துவைக்கும் எண்ணெயில் கிட்டத்தட்ட எல்லாமே சிஸ்தான்.

வளைந்ததா நேரானதா என்பதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? கோணல்மாணலான வேலிக்கருவை விறகைக் கட்டிப்பாருங்கள், நடுநடுவே சந்து விழும். சவுக்குக் கம்புகளை அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக உட்காரும். கொழுப்பிலும் அப்படித்தான். சிஸ் வடிவ ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அதனால் நம் ஊர் வெயிலில் அது எப்போதும் திரவம். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனால் பிணைப்பு மட்டும் ட்ரான்ஸாகத் திரும்பிய எலாயிடிக் அமிலம் உருக சுமார் 45 டிகிரி வேண்டும். உடம்பின் சூடு 37 டிகிரிதான். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலத்துக்கு 69 டிகிரி.

உருகுநிலைக்கும் மாரடைப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இந்த நேரான சங்கிலியை உடம்பு கையாளும் விதம் வேறு என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். 1990இல் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் என்ற இருவர் நடத்திய உணவுச் சோதனை இதில் திருப்புமுனை. ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.லைக் கூட்டுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்.லைக் குறைக்கிறது என்று அதில் தெரிந்தது. நிறைவுற்ற கொழுப்பு முதல் வேலையை மட்டும்தான் செய்யும், ட்ரான்ஸ் இரண்டையும் செய்கிறது. நாம் சாப்பிடும் மொத்த கலோரியில் 2 சதவீதம் ட்ரான்ஸ் கொழுப்பாக இருந்தால் இதய நோய் வாய்ப்பு சுமார் 23 சதவீதம் கூடுகிறது என்று 2006இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு கேடு செய்யும் கொழுப்பு வேறு இல்லை.

## அது பிறக்கும் மூன்று இடங்கள்

1. ஹைட்ரஜனேற்றும் ஆலை. பெரும் பங்கு இங்கிருந்துதான். திரவ எண்ணெயில் நிக்கல் தூளைக் கலந்து, சூடாக்கி, அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துவார்கள். ஹைட்ரஜன் இரட்டைப் பிணைப்பில் போய் உட்கார்ந்து அதை ஒற்றையாக்கும், எண்ணெய் கெட்டியாகும். முழுக்க முடிக்காமல் பாதியில் நிறுத்தினால், நிக்கலின் மேற்பரப்பில் ஒட்டித் திரும்பிய பிணைப்புகளில் நிறைய ட்ரான்ஸாகவே தங்கிவிடும். இப்படிப் பகுதியாக ஹைட்ரஜனேற்றிய எண்ணெயில் 25 முதல் 45 சதவீதம் வரை ட்ரான்ஸ் இருக்கலாம். முழுவதும் ஏற்றிவிட்டால் இரட்டைப் பிணைப்பே மிஞ்சாது, ட்ரான்ஸும் இருக்காது. மெழுகு போன்ற நிறைவுற்ற கொழுப்பு மட்டும் இருக்கும். "ஹைட்ரஜனேற்றியது" என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால் வரும் குழப்பம் தனி.

2. மாட்டின் வயிறு. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் இருக்கும் பாக்டீரியாக்களும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன. அதனால் பால், வெண்ணெய், நெய், ஆட்டிறைச்சி எல்லாவற்றிலும் கொஞ்சம் ட்ரான்ஸ் இயற்கையாகவே உண்டு. பால் கொழுப்பில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம்.

3. சுத்திகரிப்பு ஆலை. ரீஃபைண்ட் ஆயிலுக்கு வாசனை இல்லாமல் போவதற்குக் காரணம் கடைசிக் கட்டமான வாடை நீக்கம். காற்றை உறிஞ்சி எடுத்த கலனில் 200 டிகிரிக்கு மேல், சில ஆலைகளில் 250 வரைகூட எண்ணெயைச் சூடாக்கி, அதனூடே நீராவியைச் செலுத்துவார்கள். அந்தச் சூட்டில் சிறிதளவு பிணைப்புகள் திரும்பிக்கொள்ளும். சரியாக நடத்தப்படும் ஆலையில் இது 2 சதவீதத்துக்குள்தான் இருக்கும், சூட்டைக் கட்டுக்குள் வைத்தால் இன்னும் குறைவு. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய் இந்தக் கட்டத்துக்குப் போவதே இல்லை என்பதால் அதில் ஏறக்குறைய பூஜ்யம்.

முதல் இடத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எண்ணெயை ஹைட்ரஜனால் கெட்டியாக்கும் முறைக்கு 1902இல் காப்புரிமை பெற்றவர் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். 1911இல் அமெரிக்காவில் 'கிரிஸ்கோ' என்ற கெட்டிக் கொழுப்பு விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 1937இல் 'டால்டா' வந்தது. நெய் வாங்க முடியாத வீடுகளுக்கு நெய் போலவே வெள்ளையாக, மணல்மணலாக, கெடாமல் நிற்கும் ஒரு பொருள் கிடைத்தது. அந்த வணிகப் பெயரே வனஸ்பதிக்கு இன்னொரு பெயராகிப்போனது. நெய்யில் இதைக் கலந்து விற்றுவிடுவார்கள் என்று பயந்த அரசு ஒரு சாமர்த்தியமான விதி போட்டது: வனஸ்பதியில் 5 சதவீதமாவது நல்லெண்ணெய் கலந்திருக்க வேண்டும். நல்லெண்ணெயில் மட்டும் உள்ள ஒரு பொருள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளோடும் சேர்ந்தால் ரோஜா நிறம் காட்டும். நெய்யில் அந்த நிறம் வந்தால் கலப்படம் பிடிபட்டது. கலப்படத்தைப் பிடிக்க இத்தனை யோசித்தார்கள். வனஸ்பதிக்குள்ளேயே இருந்த சிக்கலை யோசிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

## வாணலியில் என்ன நடக்கிறது?

இப்போது நம் சந்தேகத்துக்கு வருவோம். ஆலையில் நடப்பது ஏன் அடுப்பில் நடக்காது?

ஒற்றைப் பிணைப்பு கதவுக் கீல் மாதிரி, எளிதாகச் சுழலும். இரட்டைப் பிணைப்பு ஆணியடித்த பலகை மாதிரி. அதைத் திருப்ப வேண்டுமென்றால் பிணைப்பில் பாதியை முதலில் பிரித்தாக வேண்டும், அதற்கு நிறைய ஆற்றல் தேவை. ஆலையில் நிக்கல் அந்த வேலையைச் சுலபமாக்குகிறது. வாணலியில் நிக்கலும் இல்லை, அழுத்தத்தில் ஹைட்ரஜனும் இல்லை. வெறும் வெப்பம் மட்டும்தான் இருக்கிறது. வெப்பத்தால் மட்டும் திருப்ப முடியாது என்றில்லை, ஆனால் அதற்கு மிக அதிகமான சூடும் நீண்ட நேரமும் வேண்டும்.

நம் சமையலின் சூடு எவ்வளவு?

1. குழம்பு, கூட்டு, பொரியல்: தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. குக்கரில் 120 வரை.
2. வடை, பஜ்ஜி, பூரி, முறுக்கு: எண்ணெய் 160 முதல் 190 டிகிரி.
3. தோசைக்கல், பரோட்டாக்கல், தாளிப்புக் கரண்டி: கவனிக்காமல் விட்டால் 200ஐத் தாண்டும். ஆனால் எண்ணெயும் கொஞ்சம், நேரமும் கொஞ்சம்.
4. பெரிய அடுப்பில் காலையிலிருந்து இரவுவரை இறக்காமல் கொதிக்கும் கடைச் சட்டி: அளவுமானி இல்லாததால் 200க்கு மேல் போகும் நேரங்கள் நிச்சயம் உண்டு.

வடை பொரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளிப்போட்ட மாவு அடியில் தங்காமல் சட்டென்று மேலே எழும்பினால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று வீட்டில் கணக்கு. அது ஏறக்குறைய 170–180 டிகிரி. ஐந்தாறு வடையைப் போட்டதும் சடசடவென்று குமிழி கிளம்பும். மாவிலிருக்கும் தண்ணீர்தான் ஆவியாகி வெளியேறுகிறது. அந்த ஆவி எண்ணெயின் சூட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சட்டியில் வடை இருக்கும்வரை எண்ணெய் எல்லை மீறுவது கஷ்டம். கடைசி ஈடு எடுத்த பிறகு அடுப்பை அணைக்க மறந்தால்தான் சூடு தறிகெட்டு ஏறும்.

இந்தச் சூடுகளில் ட்ரான்ஸ் எவ்வளவு உருவாகிறது என்று பல நாட்டு ஆய்வகங்கள் அளந்திருக்கின்றன. 33 ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் வெளியான தொகுப்பாய்வின் முடிவு தெளிவாக இருக்கிறது. 200 டிகிரிக்குக் கீழே சூடாக்கினால் ட்ரான்ஸ் அளவில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. 200க்கும் 240க்கும் இடையே ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மொத்தக் கொழுப்பில் சுமார் 0.38 சதவீதம் கூடுகிறது. அதே சூட்டில் நேரம் நீண்டால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இதைச் சரிபார்க்க ஆய்வகம்கூடத் தேவையில்லை, மேலே மூன்றாவது இடமாகச் சொன்ன சுத்திகரிப்பு ஆலையை நினைத்துக்கொண்டாலே போதும். அங்கே 200ஐத் தாண்டிய சூட்டில் நெடுநேரம் வைத்தும் ஒன்றிரண்டு சதவீதம்தான் வருகிறது. 180 டிகிரியில் அரை மணி நேரம் பஜ்ஜி போடும் சட்டி அதைவிட அதிகமாக எப்படிக் கொடுக்கும்?

### எண்ணெய்க்கு எண்ணெய் மாறும்

இரட்டைப் பிணைப்பு அதிகமுள்ள சங்கிலிகள்தான் சூட்டில் எளிதாகத் திரும்பும். லினோலெனிக் முதலில், லினோலியிக் அடுத்து, ஒலியிக் ஏறக்குறைய அசையாது. இதை வைத்து நம் எண்ணெய்களைப் பார்க்கலாம்.

தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றது. திருப்புவதற்கு இரட்டைப் பிணைப்பே அதிகம் இல்லை. கடலை எண்ணெயில் பாதியை ஒட்டி ஒலியிக், லினோலெனிக் பெயருக்குக்கூட இல்லை. நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும் ஏறக்குறைய சரிபாதி. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் 60 சதவீதம் அளவில். சோயா எண்ணெயில் சுமார் 7 சதவீதமும் கடுகு எண்ணெயில் 10 சதவீதம் அளவிலும் லினோலெனிக் இருப்பதால் அதிகச் சூட்டில் முதலில் மாறுவது இவைதான். மாறினாலும் பேச்சு ஒன்றிரண்டு சதவீதத்தைப் பற்றித்தான்.

புகையை அடையாளமாக வைத்துக்கொள்ளலாமா? ரீஃபைண்ட் எண்ணெய்களுக்கு ஓரளவு சரிவரும். சூரியகாந்தியும் கடலையும் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வாக்கில்தான் புகையும், அதாவது புகை வந்தால் ட்ரான்ஸ் உருவாகும் எல்லைக்குள் வந்துவிட்டோம். செக்கு எண்ணெய்க்கு இந்தக் கணக்கு உதவாது. அது 180ஐ ஒட்டியே புகையத் தொடங்கிவிடும், அங்கே ட்ரான்ஸ் பற்றிய கவலையே கிடையாது. ஒருமுறை பொரித்த எண்ணெயின் புகைநிலையோ ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிக்கொண்டே வரும்.

## கணக்குப் போட்டுப் பார்த்தால்

சதவீதம் சதவீதமாகப் பேசினால் கண்ணைக் கட்டும். ஒருவர் நாளுக்கு 25 கிராம் எண்ணெய் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு மொத்தக் கலோரியில் 1 சதவீதத்துக்குள். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 2.2 கிராம்.

1. ட்ரான்ஸ் 1 சதவீதம் உள்ள ரீஃபைண்ட் எண்ணெய், புதிது: 0.25 கிராம்.
2. அதே எண்ணெயை 220 டிகிரிவரை ஏற்றி, அதனால் 0.76 சதவீதம் கூடியது: 0.44 கிராம்.
3. எண்ணெய்க்குப் பதில் 3 சதவீத இயற்கை ட்ரான்ஸ் உள்ள நெய்: 0.75 கிராம்.
4. பழைய காலத்து வனஸ்பதி, 30 சதவீதம்: 7.5 கிராம்.

இரண்டாவது வரியைப் பாருங்கள். எண்ணெயைத் தறிகெட்டுக் காய்ச்சியும் நெய்யில் இயல்பாக இருக்கும் அளவைக்கூட எட்டவில்லை. நான்காவது வரி மட்டும் தனியாக நிற்கிறது, வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். உலகம் கவலைப்பட்டது அந்த வரியைப் பற்றித்தான்.

## பிறகு ஏன் அப்படிச் செய்தி வருகிறது?

பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு காரணங்கள் கலந்திருக்கின்றன.

1. மடங்குக் கணக்கு. 0.2 சதவீதம் இருந்தது 0.4 ஆனால் "இரண்டு மடங்கு உயர்வு" என்று தலைப்பு போடலாம். சரிதான், தவறே இல்லை. ஆனால் படிப்பவர் மனதில் பதிவது வேறு. ட்ரான்ஸ் செய்தி எதைப் படித்தாலும் முதலில் தேட வேண்டியது அடிப்படை அளவு எவ்வளவு என்பதை.

2. சோதனைச் சூழல். சில ஆய்வுகளில் எண்ணெயை 250, 300 டிகிரிவரை, மணிக்கணக்கில், உணவு எதுவும் போடாமல் சூடாக்குகிறார்கள். வேதியியலைப் புரிந்துகொள்ள அது சரியான முறைதான். அந்த எண்ணைத் தூக்கிவந்து நம் அடுப்பில் வைப்பதுதான் தவறு.

3. அளக்கும் முறை. பழைய அகச்சிவப்பு ஒளி முறை, ட்ரான்ஸ் அளவு மிகக் குறைவாக இருக்கும்போது நம்பகமானது அல்ல. கேஸ் குரோமட்டோகிராஃபி முறை ஒவ்வொரு கொழுப்பு அமிலத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டும். இரண்டு முறைகளில் வந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முரண்பாடு போலத் தெரியும்.

4. சட்டியில் இருந்தது எது என்று கேட்காதது. இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். கடையில் எடுத்த எண்ணெய் மாதிரியில் 8 சதவீதம் ட்ரான்ஸ் இருக்கிறதென்றால், அது காய்ச்சியதால் வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் நாளே அதில் வனஸ்பதி கலந்திருக்கலாம். அல்லது வனஸ்பதியில் முன்பே பொரித்து உறையவைத்த பண்டத்தை அதில் போட்டிருக்கலாம். பொரியும்போது பண்டத்திலுள்ள கொழுப்பும் சட்டியிலுள்ள எண்ணெயும் இடம் மாறிக்கொள்ளும். பண்டம் எண்ணெய் குடிக்கும் என்பது நமக்குத் தெரியும், தன்னிடம் உள்ளதைக் கக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது.

## பழைய எண்ணெயின் உண்மையான சிக்கல்

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைப் பார்த்தவர்களுக்கு அது கெட்டுவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிறம் கருப்பட்டிப் பாகு மாதிரி ஆகிவிடும். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் ஒழுகும். பண்டத்தைப் போட்டதும் பெரிய குமிழி வராது, சோப்பு நுரை போலச் சிறு நுரை எழுந்து விளிம்புவரை வரும், சீக்கிரம் அடங்காது. சட்டியின் விளிம்பில் கோந்து மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. இவை எதுவும் ட்ரான்ஸ் கொழுப்பின் அடையாளம் அல்ல. ட்ரான்ஸுக்கு நிறமும் இல்லை, நுரையும் இல்லை, வாடையும் இல்லை. நாம் பார்ப்பது வேறு மூன்று மாற்றங்களை.

முதலாவது, உணவின் தண்ணீர் கொழுப்பை உடைப்பது. கொழுப்பு அமிலங்கள் தனியே பிரிந்து வரும், அதனால்தான் புகைநிலை இறங்குகிறது. இரண்டாவது, காற்றிலுள்ள ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குவது. சிக்கு வாடை இதனால்தான். ஆல்டிஹைடு வகைப் பொருட்கள் இதில் உருவாகின்றன, உடம்பின் செல்களைச் சேதப்படுத்தும் என்று சந்தேகிக்கப்படுபவையும் அவற்றில் உண்டு. கண்ணை எரியவைக்கும் புகையில் இருக்கும் அக்ரோலினும் ஒரு ஆல்டிஹைடுதான், அது கொழுப்பு அமிலங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிசரால் சிதைந்து வருவது. மூன்றாவது, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிப் பெரிய மூலக்கூறுகளாவது. எண்ணெய் தடிப்பதும் சட்டி விளிம்பில் கோந்து ஒட்டுவதும் இதன் வேலை.

இந்த மூன்றும் நடக்க 200 டிகிரி தேவையில்லை, 170–180 போதும். சாதாரணமாக எண்ணெயில் பொரிக்கும்போதே ஒவ்வொரு தடவையும் நடக்கும். ட்ரான்ஸ் கொழுப்பும் இதுவும் வெவ்வேறு பாதைகள் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். வீட்டுச் சூட்டில் ட்ரான்ஸ் உருவாவது ஏறக்குறைய நடப்பதே இல்லை, எண்ணெய் சிதைவது நிச்சயம் நடக்கிறது.

இந்தச் சிதைவுப் பொருட்களை மொத்தமாக அளக்கும் அளவுகோலுக்கு மொத்த துருவச் சேர்மங்கள் என்று பெயர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் இதற்கு 25 சதவீதம் என்று வரம்பு வைத்தது. அதைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. அதே ஆண்டு, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் 'ரூக்கோ' என்ற திட்டமும் தொடங்கியது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் பயன்படுத்தியதற்கும் கழித்ததற்கும் கணக்கு வைக்க வேண்டும். ஆனால் கழித்த எண்ணெய் குறைந்த விலைக்குச் சிறு கடைகளுக்குப் போய்ச்சேரும் பழக்கத்தைப் பதிவேடு மட்டும் நிறுத்திவிடாது.

## சட்டம் எதைத் துரத்தியது?

அமெரிக்காவில் ஃபிரெட் கம்மெரோ என்ற உயிர்வேதியியலாளர் 1957லேயே இதயத் தமனிகளில் ட்ரான்ஸ் கொழுப்பு தேங்கியிருப்பதைக் காட்டினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2013இல், 98 வயதில், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். 2015இல் அந்த நிர்வாகம் பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் பாதுகாப்பானதல்ல என்று அறிவித்தது. அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு கம்மெரோ 2017இல், 102 வயதில் காலமானார். அதற்கு முன்பே 2003இல் டென்மார்க் 2 சதவீத வரம்பு வைத்து வழிகாட்டியிருந்தது.

இந்தியா படிப்படியாக வந்தது. 2011 விதிகளில் 10 சதவீதம், பிறகு 5, 2021 ஜனவரி 1 முதல் 3, 2022 ஜனவரி 1 முதல் 2. இந்தக் கடைசி வரம்பு எண்ணெய், வனஸ்பதி, மார்கரினுக்கு மட்டுமல்ல, அவற்றை வைத்துச் செய்யும் தின்பண்டங்களுக்கும் சேர்த்து. மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

பாக்கெட்டில் "ட்ரான்ஸ் ஃபேட் இல்லை" என்றால் 100 கிராமில் 0.2 கிராமுக்குக் குறைவு என்று அர்த்தம், அறவே பூஜ்யம் என்று அல்ல. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எண்ணெய் அந்த அளவுக்குள் இருந்தால் பாக்கெட்டும் பொய் சொல்லவில்லை, அடுப்பும் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ட்ரான்ஸை எடுத்துவிட்டால் கெட்டித்தன்மைக்கு வேறு ஏதாவது வேண்டுமே? பெரும்பாலும் பாமாயிலின் கெட்டிப் பகுதியோ, முழுவதும் ஹைட்ரஜனேற்றிய கொழுப்போ அந்த இடத்துக்கு வந்தது. ட்ரான்ஸ் போய் நிறைவுற்ற கொழுப்பு வந்திருக்கிறது. இரண்டில் இது பரவாயில்லை, அவ்வளவுதான்.

## சமையலறைக்கும் கடைக்கும்

வீட்டில் ட்ரான்ஸுக்குப் பயந்து எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை. தீயை அளவோடு வைத்து, எண்ணெய் புகையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பொரித்த எண்ணெயை ஆறவைத்து, தூள் போக வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்கோ குழம்புக்கோ தீர்த்துவிடலாம். மறுபடி பொரிக்கத்தான் வேண்டுமென்றால் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம் என்பது ஆணையத்தின் அறிவுரை. பழைய எண்ணெயோடு புதியதைக் கலந்து சட்டியை நிரப்பும் பழக்கம் மட்டும் கூடாது. பழையதில் உள்ள சிதைவுப் பொருட்கள் புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

ட்ரான்ஸைத் தேட வேண்டிய இடம் வெளியே. பப்ஸ், க்ரீம் பன், ரஸ்க், வெண்ணெய் பிஸ்கட் என்ற பெயரில் வெண்ணெயே காணாத பிஸ்கட், அடுக்கடுக்காகப் பிரியும் பரோட்டா. உறையிட்டு விற்கும் பொருளில் பொருட்பட்டியலைப் படிக்கலாம். வனஸ்பதி, மார்கரின், பேக்கரி ஷார்ட்டனிங், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, இந்தப் பெயர்கள் பட்டியலின் முதல் மூன்று நான்கு இடங்களுக்குள் இருந்தால் கீழே ட்ரான்ஸ் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி எடைபோட்டு விற்பவற்றில் படிப்பதற்கு ஒன்றுமில்லை.

பப்ஸ் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல் ஒட்டிக்கொண்டால், அந்தக் கொழுப்பு உடம்பின் சூட்டில் முழுதாக உருகவில்லை என்று மட்டும் தெரியும். அது ட்ரான்ஸா, பாமாயிலின் கெட்டிப் பகுதியா என்று நாக்கால் சொல்ல முடியாது. பேக்கரியின் பின்கட்டில் மாவு மேசைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி இருக்கும், மஞ்சள் நிறக் கட்டியை அதிலிருந்துதான் வெட்டி எடுப்பார்கள். அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் ட்ரான்ஸ் அளவு அச்சிட்டிருக்க வேண்டும். பழக்கமான கடை என்றால் கேட்டுப் பார்க்கலாம், காட்டுவார்கள்.